ஒரே இழுப்பில் அவிழும் கொக்கி

1978 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, சென்னை சென்ட்ரலில் இருந்து திருவள்ளூருக்குப் பாசஞ்சர் ரயில் ஏறினோம். தூரம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து செவ்வாய் இரவெல்லாம் உட்கார்ந்தே வந்து, புதன் முழுக்கக் கடைகடையாக ஏறி இறங்கியதில் எனக்கு இடுப்பு கழன்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உற்சாகமாக இருந்தார். எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "கோயிலுக்கா?" என்றாள். திருவள்ளூருக்குப் போகிற வெளியூர்க்காரர்களை வேறென்ன கேட்பது?

"இல்ல, பக்கிள் வாங்கப் போறோம்" என்றேன்.

அவள் என் வீட்டுக்காரரின் இடுப்பைப் பார்த்தாள். அங்கே வேட்டிக்கு மேல் நல்ல பெல்ட் ஒன்று பளபளவென்று இருந்தது. "மெட்ராஸ்ல கெடைக்கலியா?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ராஜமணிக்குக் கடலடியில் சிப்பிப் படுகைகளைப் பார்த்து வருகிற அரசாங்க வேலை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு அறுபதடி ஆழம் வரை போவார். உடம்பு மிதக்காமல் இருக்க இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த ஒரு பட்டை. ஆபத்து என்றால் முதலில் அந்தப் பட்டையை அவிழ்த்துப் போட வேண்டும். போட்டால் உடம்பு தானாக மேலே வந்துவிடும். போன பருவத்தில் ஒருநாள் கீழே காற்று நின்றுபோக, இவர் பட்டையை அவிழ்க்கப் போனால் பக்கிள் திறக்கவில்லை. உள்ளே துரு. ஈயத்தோடேயே காலை உதைத்து மேலே வந்து சேர்ந்தார், மூக்கில் ரத்தத்தோடு. அதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவரோடு கடலில் இறங்குகிற குழுவுக்குத் தோளில் மாட்டும் பட்டை, இடுப்புப் பட்டை எல்லாம் தைத்துக் கொடுப்பவள் நான். பக்கிள் வாங்கியவர் அவர், பஜாரில், மினுமினுப்பைப் பார்த்து. அன்றைக்கே ஒப்பந்தம் போட்டேன்: ஒரே இழுப்பில், ஒரே கையால் அவிழ்கிற, துருப்பிடிக்காத கொக்கி கிடைத்தால் மார்ச்சில் கடலில் இறங்கலாம். இல்லாவிட்டால் ஆபீஸில் தருவதாகச் சொல்லும் ஸ்டோர் ரூம் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் முகம் செத்துப்போனது. ஆனால் சரி என்றார்.

வெளிநாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் கேட்டார்கள். பாரிமுனைக் கடைகளில் இருந்ததெல்லாம் இரும்புக்கு மேல் பூச்சு. இவர் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருந்தார். எதை நீட்டினாலும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஒரு கடைக்காரர்தான் சொன்னார், திருவள்ளூரில் குதிரை வண்டிக்கு வார் செய்கிறவர்கள் பித்தளையில் வார்த்த வளையம் வைத்திருப்பார்கள் என்று.

திருவள்ளூரில் இறங்கியதும் ஜட்கா பிடித்தோம். ஒரு ரூபாய் கேட்டான், எண்பது பைசாவுக்கு வந்தான். இவர் வழியெல்லாம் குனிந்து குதிரையின் வாரில் இருந்த பக்கிளுக்கெல்லாம் காந்தம் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். வண்டிக்காரன் திரும்பி, "இன்னா சார், குதிரைக்கு ஜோசியம் பாக்குறியா?" என்றான்.

வார்க் கடை பாயிடம் வளையங்கள் குவியலாக இருந்தன, ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைவாகவும். தோளில் மாட்டும் பட்டையில் கருவிகளைத் தொங்கவிட இவைதான் வேண்டும். இவர் கனத்தைப் பார்த்தார். நான் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் என் முந்தானையை நுழைத்து இழுத்தேன். ஓரத்தில் பிசிறு இருந்தால் நூல் மாட்டும். இன்றைக்குச் சேலை நூலை இழுக்கிறது, நாளைக்குப் பட்டையை அறுக்கும். மாட்டியதையெல்லாம் ஒதுக்கினேன். நல்ல நூல் சேலை, அன்றோடு அதன் கதை முடிந்தது.

"இத்தினி வருஷமா கடை வெச்சிகினு கீறேன்," என்றார் பாய், "முந்தானைய வுட்டு வளையம் பாக்குறவங்கள இப்பத்தான்மா பாக்குறேன். நாஷ்டா ஆச்சா?"

ஆகவில்லை என்றதும் இட்லி வரவழைத்தார். வளையம் ஒன்று ஒண்ணேமுக்கால் ரூபாய். எட்டு வாங்கினோம். ஆனால் பக்கிளுக்கு அவரிடமும் வழியில்லை. குதிரை வார் பக்கிளில் ஊசி ஓட்டைக்குள் நுழையும். அதைக் கழற்ற இரண்டு கையும் பொறுமையும் வேண்டும். தண்ணீருக்கடியில் இரண்டும் இருக்காது.

"கும்முடிப்பூண்டிக்குப் போங்க. சாமுவேல்னு ஒருத்தரு. உப்பு லாரி தார்ப்பாய்க்கு எவர்சில்வர்லயே கொக்கி அடிக்கிறாரு. அவரு கொக்கி போட்டா கல்கத்தா போனாலும் அவுராது" என்றார் பாய்.

அவிழாது என்ற சொல் எனக்கு அப்போதே நெருடியது. இவர் காதில் எவர்சில்வர் மட்டும்தான் விழுந்தது.

மத்தியானம் பஸ். பெரியபாளையத்தில் மாறி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. இரண்டு பேருக்கும் டிக்கெட் நாலு ரூபாய் சொச்சம். வழியெல்லாம் பச்சை நாற்று, நடுநடுவே புதிதாய்ப் போட்ட கம்பிவேலி, அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைகள். எங்கள் ஊரில் உப்பளத்துக்கு நடுவே ஆலை முளைக்கும். இங்கே வயலுக்கு நடுவே. பஸ்ஸில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஒன்றை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வழி முழுக்க, கொக்கி கிடைக்காமல் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேதான் போனேன். ஸ்டோர் ரூமில் ஆணியும் கயிறும் எண்ணிக்கொண்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிற புருஷனை மனசுக்குள் பார்த்துக்கொண்டே போனேன்.

சாமுவேலின் கொட்டகை ஊரைத் தாண்டி, எளாவூர் போகிற பாதையில் இருந்தது. சோதனைச் சாவடிக்குப் போகிற லாரிகள் வாசலை உரசிக்கொண்டு நின்றன. ஆள் நல்ல உயரம், கைகள் முறம் மாதிரி. ஒரு லாரிக் கொக்கியை எடுத்துக் காட்டினார். பட்டையின் நுனி உள்ளே போகும். மேலே ஒரு மடக்குத் தகடு. அதை அமுக்கினால் பட்டையைக் கவ்விக்கொள்ளும். காந்தம் ஒட்டவில்லை. முந்தானை மாட்டவில்லை. அடியில் சின்னதாக ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தது.

"அது நம்ம மார்க்கு. இந்த மார்க்கு கீற கொக்கி ரோட்ல அவுந்துதுன்னு ஒரு டிரைவரு வந்து சொல்லட்டும், கடைய மூடிக்கிறேன்" என்றார் சாமுவேல்.

இவர் விஷயத்தை விளக்கினார். கடல், அறுபதடி, இடுப்புப் பட்டை, உயிர் விஷயம். சாமுவேல் கண் கலங்கக் கேட்டார். "உயிர் விஷயமா? காலீல வாங்க சார். டப்பு பத்திப் பேசாதீங்க. எங்கூட்டு மாப்பிள்ளைக்குச் செய்ற மாதிரி செஞ்சி வெக்கிறேன்." அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்க வைத்தார். அவர் மனைவி எஸ்தர் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தூத்துக்குடிக்காரர்களுக்கே கருவாடா என்று இவர் கேலி செய்ய, எஸ்தர் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை கொக்கி தயாராக இருந்தது. இரண்டு அங்குலப் பட்டைக்குக் கச்சிதம், ஓரமெல்லாம் கண்ணாடியாகத் தேய்த்தது, நட்சத்திரமும் குத்தியாகிவிட்டது. ஆனால் மடக்குத் தகடு பட்டையோடு பட்டையாகப் படுத்திருந்தது, விரல் நுழைய இடமில்லை. அது போதாதென்று பக்கவாட்டில் ஒரு முள் வேறு.

"இது என்னது?" என்றேன்.

"ரெண்டாவது பூட்டும்மா. உயிர் விஷயம்னு சார் சொன்னாரே. ஒண்ணு வுட்டாலும் இன்னொண்ணு புடிச்சிக்கும்." அவர் முகத்தில் அவ்வளவு அன்பு.

"அண்ணாச்சி, இது அவுரணும்" என்றேன்.

"அவுராதும்மா, பயப்படாதீங்க."

"இல்ல, அவுரணும். அவுந்தாத்தான் இவுக மேல வருவாக."

அவருக்குப் புரியவில்லை. உயிரைக் காப்பாற்றுகிற கொக்கி எப்படி அவிழ்கிற கொக்கியாக இருக்கும் என்று கேட்டார். இவரோ நல்ல சாமானைக் குறை சொல்கிறேனே என்று சங்கடப்பட்டு, "நான் அவுத்துருவேன், கோமதி. எனக்கு விரல்ல பலம் இருக்கு" என்றார். அவருக்குக் கடல் வேண்டும்; அதற்காக எந்தக் கொக்கியையும் நல்ல கொக்கி என்பார்.

கொட்டகைக்குப் பின்னால் வயல். பம்ப்செட் தொட்டி மார்பளவு நிறைந்திருந்தது. "பட்டைய என் இடுப்புல கட்டுங்க," என்றேன், "ஈயத்துக்குப் பதிலா இரும்புக் கட்டி கோத்துவிடுங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு உள்ள உட்காருதேன். இடது கையால அவுக்கப் பாக்குதேன்."

"நீ எதுக்கு இறங்குத? நான் இறங்குதேன்."

"ஒங்களுக்கு இந்தத் தொட்டித் தண்ணியில பயம் கெடையாது. எனக்கு உண்டு. காத்து நின்ன அன்னைக்கு ஒங்க கை இருந்த மாதிரி இருக்கிறது இப்ப என் கைதான்."

எனக்கு நீச்சல் தெரியாது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் ஐஸ். மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரும்பு என்னை அடியில் அழுத்தியது. இடது கையால் முள்ளைத் தேடினேன், வழுக்கியது. தகட்டின் ஓரத்தை நகத்தால் பிறாண்டினேன். நகம்தான் பெயர்ந்தது. எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினால் சேலை காலில் சுற்றிக்கொண்டது. அந்த நொடியில் கொக்கி, ஒப்பந்தம், ஸ்டோர் ரூம் எதுவும் மனதில் இல்லை. கண்ணைத் திறந்தால் மேலே வெளிச்சம் இருந்தது, என்னால் அங்கே போக முடியவில்லை, அவ்வளவுதான்.

சட்டையோடு குதித்து என்னைத் தூக்கினார் இவர். இருமி, மூக்கெல்லாம் எரிய, தொட்டிக் கரையில் உட்கார்ந்தேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெயர்ந்த நகத்தை வேட்டி நுனியால் சுற்றினார். எஸ்தர் ஓடிவந்து உலர்ந்த சேலையைப் போர்த்தினாள். சாமுவேல் சுவர் ஓரமாக நின்று, "ஐயோ, நானே கட்டிப் போட்டுட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

பிறகு கொக்கியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். அரம் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முள் போயிருந்தது. தகட்டின் நுனியை அரை அங்குலம் நீட்டி, விரல் நுழைகிற மாதிரி மேலே வளைத்திருந்தார். நட்சத்திரத்தையும் அரத்தால் அழித்துவிட்டிருந்தார்.

"மார்க் எங்க?" என்றேன்.

"வேணாம்மா. தொட்டா அவுந்துக்கிது. இத நான் செஞ்சேன்னு சொன்னா லாரிக்காரன் சிரிப்பான். பேஜாரு."

மறுபடி இறங்கக் கூடாது என்று இவர் சத்தியம் வாங்கப் பார்த்தார். இறங்கினேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் நின்று பார்த்தார்கள். கண்ணை மூடி உட்கார்ந்து, இடது கையை இடுப்பில் வைத்தேன். விரல் தானாகத் தகட்டுக்குக் கீழே போனது. ஒரே இழுப்பு. இரும்பு நழுவித் தொட்டி அடியில் விழுந்த சத்தம் தண்ணீருக்குள்ளேயே கேட்டது. எழுந்து நின்றபோது வரப்பில் ஒருத்தி கைதட்டினாள்.

சாமுவேல் தொட்டிக்குள் குனிந்து பட்டையை எடுத்தார். கொக்கியை மூடினார், திறந்தார். மூடிவிட்டுப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. நுனியை ஒரு விரலால் தூக்கினார், கழன்றது. கொட்டகைக்குள் போய், சுத்தியலால் ஒரே அடி அடித்துவிட்டு வந்தார். அழித்த இடத்துக்குப் பக்கத்தில் புது நட்சத்திரம்.

"இப்ப எந்த லாரிக்காரன் வேணா சிரிக்கட்டும்" என்றார்.

அதே மாதிரி இன்னும் ஐந்து, குழுவில் இருந்த மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, சாயங்கால ரயிலில் சென்னைக்குத் திரும்பினோம். நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து சென்னை ஆலைகளில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் பெட்டியை நிறைத்திருந்தார்கள். பட்டை என் மடியில் இருந்தது. நான் வேண்டிக்கொண்டது பலிக்கவில்லை. அதற்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அடியில் உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்த்தவளுக்கு, அங்கிருந்து மேலே வர ஒரு வழி இருக்கிறது என்பதே பெரிதாக இருந்தது.

"ஸ்டோர் ரூம் வேலைக்குச் சரின்னு எழுதிக் குடுத்துருதேன், கோமதி" என்றார் இவர் திடீரென்று, ஜன்னலைப் பார்த்தபடி. "ஒன்னயத் தூக்கினப்பதான் எனக்கு..."

"கொக்கி கெடைச்சிருச்சு. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்" என்றேன்.

எங்கள் வீட்டில் எல்லா முடிச்சும் அவிழாமல் இருக்கப் போட்ட முடிச்சுதான். தொட்டில் கயிறு, படகுக் கயிறு, என் கழுத்தில் இவர் போட்ட மூன்று முடிச்சு. அந்த மூன்றும் நிலைக்க வேண்டுமென்றால் இது ஒன்று அவிழ வேண்டும் என்பது கும்மிடிப்பூண்டிக்குப் போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

மார்ச்சில் முதல் நாள், படகுத் துறையில் எல்லோருக்கும் முன்னால் இவரைக் கண்ணை மூடச் சொன்னேன். இடது கை. ஒரே இழுப்பு. ஈயம் பலகையில் தொம்மென்று விழுந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

குனிந்து எடுத்து, நானே அவர் இடுப்பில் கட்டிவிட்டேன்.