கிள்ளான் பஸ்ஸில் நடுங்கிய கை

எண்பதுகளில் ஒரு காலை, கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளான் போகும் பஸ்ஸில் ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுங்கும் வலது கையை இடது கையால் மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். கண்டக்டரிடம் வாங்கும்போது டிக்கெட் அந்தக் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"காலையிலயே சம்சு குடிச்சிட்டு வந்துட்டியா? எறங்குலா!" என்று கண்டக்டர் கத்தினான். பஸ்ஸே சிரித்தது. அவர் முகத்தில் சலனமே இல்லை.

எனக்கு அவர்மேலேயே எரிச்சல் வந்தது. "ஏன் சும்மா இருக்கீங்க? கோவமே வராதா?"

"குடி இல்ல தம்பி, நோவு," என்றார் மெல்லிய குரலில். "நடுமூளையில சில செல்லுங்க ஒடம்ப அசைய வைக்கிற டோப்பமின்னு ஒண்ணச் சுரக்குமாம். இருக்குற எடத்துலயே கசியவிடுமாம், தூரத்துக்கும் அனுப்புமாம். எனக்கு அந்த செல்லெல்லாம் செத்துக்கிட்டு வருதுன்னு டாக்டரு சொன்னாரு. கை ஆடுது, மூஞ்சி மரமாயிருச்சு. கோவம் உள்ள எரியுது. அவன் செவுட்டுல ஒண்ணு விடணும்போல இருக்கு. மூஞ்சிக்குத்தான் வரமாட்டேங்குது."

நான் எழுந்து நின்று, "நோயாளிய எறங்கச் சொல்றியா? வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். கண்டக்டர் முனகிக்கொண்டே நகர்ந்தான். சிரித்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கிள்ளானில் இறங்கும்போது அவர் என் தோளைத் தொட்டார். அது நன்றியா, கண்டக்டரை நான் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற குறையா? அந்த முகத்திலிருந்து எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.