அர்த்தநாரியின் சைரன் பாடம்

“சைரன் சத்தம் காதுல உளுந்தும் வழி உடாத மனுசன் இந்தத் திருப்பூர்ச் சீமையில இன்னும் பொறக்கலீங்க.”

காவல்துறை வாகனப் பிரிவின் சிறப்பு உதவி ஆய்வாளர் அர்த்தநாரி, ஓட்டுநர் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு அணியின் முன்னாலும் முதல் நாள் காலையில் வெளியிடும் பிரகடனம் இது. வெளியிடும்போது அவருடைய இடது கை ரோந்து வண்டியின் பானெட்டின் மேல் இருக்கும். வலது கை, ஒருவேளை தப்பித் தவறிப் பிறந்துவிட்ட அப்படி ஒருவனைத் தேடுவதுபோல மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும். யாரும் அகப்பட மாட்டார்கள். அதன் பிறகுதான் சீட் பெல்ட் பாடம் தொடங்கும்.

அவர் சும்மா சொல்லவில்லை. மீசை அரும்பிய காலத்தில் காவல்துறை ஓட்டுநராக ஏறி உட்கார்ந்தவர். மீசை நரைத்தும் இறங்கவில்லை. எத்தனையோ அதிகாரிகளை அவர் சுமந்திருக்கிறார். பின்சீட்டில் தூங்கிய ஓர் அதிகாரிகூடப் பள்ளத்தில் விழித்ததாக வரலாறு இல்லை. அவசர ஓட்டம் பற்றி அவரிடம் தனிச் சாஸ்திரமே இருந்தது. டவுன் பஸ் டிரைவர் வெளியே நீட்டும் கையை நம்பக் கூடாது, அது பீடிச் சாம்பல் தட்டும் கையாகவும் இருக்கலாம். முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பனியன் மூட்டை ஏற்றிய மொபெட்டின் அகலம் அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது; ஆகவே லாரிக்கு விடுகிற இடத்தை அதற்கும் விட வேண்டும். அவசரம் வண்டிக்குத்தான், ஓட்டுகிறவனுக்கு அல்ல. இதையெல்லாம் காவலர்கள் பயபக்தியுடன் கேட்டுக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டின்போது அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள்.

இந்தமுறை வந்த அணியில் பிரிசில்லா இருந்தாள். கொமரலிங்கம் ஊர்க்காரி. கணவன் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குழந்தை அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கியிருந்தது. அவளோ தெற்கே எங்கோ பட்டாலியனில் வண்டி ஓட்டிக்கொண்டு, வீடியோ காலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவசர ஓட்டத் தேர்வில் தேறினால் திருப்பூரிலேயே ரோந்து வண்டி கிடைக்கும். தவறினால் மறுபடி பட்டாலியன், மறுபடி வீடியோ கால். தேர்வுக்கு இரண்டு வாய்ப்புகள்தான். அதில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது.

போன விதம் துறையின் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. அன்று தேர்வுப் பாதை கம்பெனிகள் நிறைந்த ஒரு தெரு வழியாக அமைந்தது. பிரிசில்லா முறைப்படி சைரனைப் போட்டாள். அந்தத் தெருவில் ஒரு கம்பெனியில் டீ நேரத்துக்கு அடிக்கும் சைரனும் அதே ராகம். தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவினரும் கடிகாரத்தைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பிக் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். தமிழில் பாதி, இந்தியில் பாதியாக டீயும் பன்னும் கேட்டுக் கடைக்காரரைச் சூழ்ந்தார்கள். வண்டி நடுவில் நின்றது. சைரனை விடாமல் அடிக்க அடிக்க, இன்னும் வராதவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

பிரகடனம் பொய்த்துவிட்டதா என்று ஒரு காவலர் துணிந்து கேட்டதற்கு, அர்த்தநாரி சட்ட நுணுக்கத்தோடு பதில் சொன்னார்.

“வழி உடாம இருக்கறது வேற, டீக்கு வர்றது வேறீங்க தம்பி. ரெண்டும் தனித்தனி கேசு.”

ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் பிரிசில்லாவை விடவில்லை. தினமும் அவர் ஓட்ட, அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு அவள் ஓட்ட, அவர் பார்ப்பார். தான் ஓட்டும்போது கையைப் பார்க்க வேண்டாம், காலைப் பார் என்பார். அவள் அவர் காலையே பார்த்தாள். ஒருநாள் அவள் திருப்பம் ஒன்றில் தடுமாறி, போதும், பட்டாலியனுக்கே போய்விடுகிறேன் என்றபோது அர்த்தநாரி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஏனுங் அம்மிணி, போனுக்குள்ள கைய உட்டு எத்தன நாளைக்குச் சோறு ஊட்டுவீங்க? வண்டிய எடுங்க.”

இரண்டாம் தேர்வுக்கு இன்ஸ்பெக்டர் மைதிலி வெளி மாவட்டத்திலிருந்து வந்தார். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர் என்று பெயர். பாதையை ஊத்துக்குளி ரோட்டில் வைத்தார். தேர்வின்போது பயிற்சியாளர் வண்டியில் ஏறக் கூடாது, மைதானத்தில் காத்திருக்க வேண்டும் என்றும் தெரிவித்தார். அர்த்தநாரி காத்திருந்தார். ஒரு டம்ளர் டீ ஆறும்வரை. பிறகு, தேர்வு வண்டி கிளம்புவதற்கு முன்பே, வீட்டில் வெண்ணெய் தீர்ந்துபோனது திடீரென்று நினைவுக்கு வந்தது. வெண்ணெய் என்றால் ஊத்துக்குளி வெண்ணெய்தான். ஊத்துக்குளிக்குப் போக ஊத்துக்குளி ரோடுதான். இதில் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு, தினமும் மைதானத்தில் நிற்கும் தன் சொந்த மொபெட்டை எடுத்து, ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

ரோட்டில் நெரிசல். முன்னால் சாயப்பட்டறை டேங்கர், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, அதை உரசிக்கொண்டு பனியன் மூட்டைகள். எங்காவது ஓரமாக நின்று, பிரிசில்லா போவதைப் பார்த்துவிட்டு வெண்ணெய்க்குப் போகலாம் என்பதுதான் திட்டம். ஓரம் தேடிக்கொண்டிருக்கும்போதே சைரன் கேட்டுவிட்டது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த நாள் முதல் அர்த்தநாரி சைரனை ஒரே இடத்திலிருந்துதான் கேட்டிருக்கிறார்: தலைக்கு மேலிருந்து. சைரன் அலறும், முன்னால் உள்ளவர்கள் ஒதுங்குவார்கள், அவர் வலது கால் அழுத்தும். மூன்றும் அவர் உடம்பில் ஒரே நரம்பில் ஓடின. சைரன் முதுகுப் பக்கமிருந்து வந்தால் என்ன செய்வது என்பதை அந்த நரம்புக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

டேங்கர் ஒதுங்கியது. ஷேர் ஆட்டோ ஒதுங்கியது. நடு ரோடு பளிச்சென்று திறந்தது. அர்த்தநாரியின் முதுகு நிமிர்ந்தது. மொபெட்டில் காலுக்கு அழுத்த எதுவும் இல்லாததால் கை ஆக்சிலேட்டரை முறுக்கியது. இரு பக்கமும் ஜனங்கள் விலகி நிற்க, திறந்த பாதையின் நட்டநடுவில் அவர் மொபெட்டில் பறந்தார். எல்லாரும் தமக்குத்தான் வழி விடுகிறார்கள் என்பதில் அவருக்கு அணுவளவும் சந்தேகம் வரவில்லை. ஓரத்தில் நின்ற ஒருவர், “பெருசு, பின்னால பாருங்க” என்று கத்தியதை, கட்டுப்பாடில்லாத பொதுமக்களின் கூச்சல் என்று அவர் ஒதுக்கித் தள்ளினார். பின்னால் ரோந்து வண்டி ஹாரனும் அடித்துப் பார்த்தது. ஹாரன் கேட்டதும் அவர் இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

சட்டென்று சைரன் நின்றது.

நின்றதும் அவருடைய கை தானாகத் தளர்ந்தது. சைரன் நின்றால் வேலை முடிந்தது. வேகம் குறைத்து இடது பக்கம் ஒதுங்க வேண்டும். மொபெட் பதவிசாக இடது பக்கம் ஒதுங்கியது. அவருக்கு வலப்புறமாக ரோந்து வண்டி, உரசாமல், உறுமாமல், போதிய இடம் விட்டுக் கடந்துபோனது. ஸ்டியரிங்கில் பிரிசில்லா. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மைதிலி திரும்பி நன்றாகப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் சைரன் மீண்டும் கேட்டது. இப்போது முன்னாலிருந்து.

காலை ஊன்றிக்கொண்டு அர்த்தநாரி அங்கேயே நின்றார். சைரன் நின்றால் அவர் கால் தானாகத் தளரும் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். வெண்ணெய் வாங்காமலே திரும்பினார்.

மைதானத்துக்கு அவர் வந்து சேர்ந்து, ஹெல்மெட்டை ஸ்டோர் ரூமில் பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வெளியே வந்தபோது, தேர்வு வண்டியும் வந்து நின்றது. பிரிசில்லா இறங்கி, டயரில் ஏதோ ஆராய்ச்சி இருப்பதுபோலக் குனிந்து நின்றாள். மைதிலி அவரைக் கூப்பிட்டார். ஓட்டியதில் குறையில்லை, ஆனால் சேருமிடம் வருமுன் சைரனை நிறுத்திவிட்டாள், அதற்குக் கழிக்கிற மதிப்பெண்ணில் தேர்வே போய்விடும் என்றார். அந்த விதியை அர்த்தநாரியும் பாடமாக நடத்துகிறவர்தான்.

“முன்னால ஒரு மொபெட் பெரியவர், நமக்கே பைலட் மாதிரி போனார்” என்றார் மைதிலி. “சைரனை இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்பாரா, மாட்டாரா? உங்க அனுபவத்தை வச்சுச் சொல்லுங்க.”

ஒதுங்கியிருப்பான் என்றால் பிரகடனம் பிழைக்கும். பிரிசில்லா பட்டாலியனுக்குப் பெட்டி கட்டுவாள். கொஞ்ச தூரத்தில் காவலர்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்ப்பதுபோலக் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். அர்த்தநாரி பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தார்.

“மாட்டானுங்க மேடம். வண்டி ஊத்துக்குளி போய்ச் சேர்ற வரைக்கும் ஒதுங்கியிருக்க மாட்டான்.”

“அப்போ சைரனை நிறுத்தினது சரிதான்” என்று மைதிலி கழிக்காமலே கூட்டி, ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிரிசில்லா டயரை விட்டு நிமிர்ந்தாள். பேனாவை மூடிக்கொண்டே மைதிலி கேட்டார்:

“அப்படி ஒரு ஆள் இன்னும் பொறக்கலைன்னு நீங்க சொல்வீங்களாமே?”

காவலர்களுக்குக் கேட்காத குரலில் அர்த்தநாரி சொன்னார்:

“பொறந்து ரொம்ப வருசமாச்சுங்க மேடம்.”