தகுதியைத் தட்டச்சு அடித்தவள்

மண்டி மொஹல்லாவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் ஜோதிமணி பதின்மூன்று வருடம் வேலை பார்த்தாள். அந்தக் காலத்தில் மைசூரிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன எத்தனையோ பையன்களின் விண்ணப்பம் அவள் கையால் அடிக்கப்பட்டதுதான். எல்லோருக்கும் சின்ன வயதிலேயே கம்ப்யூட்டர் மேல் ஆசை வந்திருந்தது. எல்லோரும் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்து சேவை செய்யத் துடித்தார்கள். மூன்று பேராசிரியர்கள் தர வேண்டிய பரிந்துரைக் கடிதத்தைப் பையனே எழுதிக்கொண்டு வந்து, "மூணும் வேற வேற ஆள் எழுதின மாதிரி இருக்கணும் மேடம்" என்பான். அவள் ரிப்பனை மாற்றிப் போட்டு அடித்துக் கொடுப்பாள்.

அவள் அப்பா சென்னப்பன் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். பி.யு.சி.யில் முதல் வகுப்பில் தேறியும் ஜோதிமணி கல்லூரிக்குப் போகவில்லை. வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்றார்கள், அது தம்பி சிவகுமார் என்று ஆயிற்று. அவனுக்கு இட ஒதுக்கீட்டில் பாலிடெக்னிக் கிடைத்தது. மூன்று வருடமும் அங்கே அவன் பெயர் 'கோட்டா'. சிவகுமார் என்று ஒருவன் கூடக் கூப்பிடவில்லை.

முரளிதரன் அவளிடம் வந்தது எண்பத்தேழில். ஓய்வுபெற்ற பொறியாளர் வரதராஜனின் ஒரே மகன். அதற்கு நாலு வருடம் முன்பாகவே அவன் அப்பா வந்திருந்தார், ஒரு தனியார் பொறியியல் கல்லூரி நிர்வாகத்துக்குக் கடிதம் அடிக்க. 'தங்கள் கட்டட நிதிக்கு மனமுவந்து நன்கொடை அளித்துள்ளேன். என் மகனின் சேர்க்கையைக் கருணையுடன் பரிசீலிக்கவும்' என்று அதில் இருந்தது. கருணை கிடைத்தது. கணக்கில் நாற்பத்தொரு மதிப்பெண் வாங்கியிருந்த பையன் இன்ஜினியராகி டெக்சாஸ் போய்ச் சேர்ந்தான்.

தொண்ணூற்றைந்தில் டெனிஸ் வந்தாள். கறுப்பின அமெரிக்கப் பெண், பள்ளி ஆசிரியை. ஒரு வருடம் தங்கிக் கன்னடம் படிக்கவும், நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றி அறிக்கை எழுதவும் வந்திருந்தாள். அறிக்கையை அடித்துக் கொடுத்தது ஜோதிமணி. டெனிஸின் தத்தக்கா பித்தக்கா கன்னடத்தில் இருவரும் நிறையப் பேசினார்கள். டெனிஸின் அம்மாவைக் கறுப்பினத்தவர் என்பதற்காகவே சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. பிறகு அதே இடத்தில் டெனிஸுக்கு இடம் கிடைத்தது. ஆனால் வெள்ளைக்கார விடுதி அறைத் தோழி முதல் நாள் மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

"சம உரிமை கேட்டு எங்க ஆளுங்க தெருவுல அடி வாங்கினாங்க. சட்டம் மாறிச்சு. அதுக்கப்புறம் அறுபத்தஞ்சுலதான் உங்க பையன்களுக்கும் எங்க நாட்டுக் கதவு திறந்துச்சு" என்று டெனிஸ் சொன்னது ஜோதிமணிக்குப் புதிய செய்தி. எத்தனையோ விண்ணப்பம் அடித்திருக்கிறாள். ஒன்றில் கூட இது இல்லை.

டெனிஸ் வீடு தேடியபோது ஜோதிமணிதான் கூடப் போனாள். சரஸ்வதிபுரத்தில் ஐந்து வீட்டில் இல்லை என்றார்கள். ஒன்று வரதராஜன் வீடு. வாசலில் 'டு லெட்' பலகை தொங்க, அவர் டெனிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆயிப்போச்சும்மா, நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்தார்" என்றார். மறுநாள் அந்த மாடிக்கு ஒரு வெள்ளைக்காரன் யோகாசனப் பாயோடு குடிவந்தான். பலகை அதன் பிறகுதான் இறங்கியது.

தொண்ணூற்றேழு ஜனவரியில் முரளிதரன் விடுமுறைக்கு வந்தான். அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள தமிழ்ப் பெற்றோர்கள் சேர்ந்து ஊரில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மகன் வாங்கிய காரின் நிறத்தை மற்றவர்களுக்குச் சொல்வது அதன் முக்கிய வேலை. அங்கே அவன் பேசுவதாக ஏற்பாடு. பேச்சைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுக்க ஜோதிமணியை வரச் சொல்லியிருந்தார்கள். அதை அடித்தவளும் அவளே. அடிக்கும்போதே இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

"அங்கயும் நம்ம ஊர் வியாதிதான்" என்றான் முரளிதரன் மேடையில். "கறுப்பர்களுக்குத் தோலைப் பார்த்து சீட். படிக்க மாட்டாங்க, உழைக்க மாட்டாங்க, கேட்டா பழைய கதை பேசுவாங்க. நாம யார்கிட்டயும் சலுகை கேக்கலை. ப்யூர் மெரிட்ல மேல வந்தோம்."

கை தட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் தலைவர். பிரதிகளை மார்போடு அணைத்தபடி கடைசி வரிசையிலிருந்து ஜோதிமணி எழுந்தாள்.

"சார், உங்களுக்கு இன்ஜினியரிங் சீட்டு எந்த மெரிட்டுல கிடைச்சுதுங்க? கட்டட நிதி மெரிட்டுலங்களா?"

முன்வரிசையில் வரதராஜன் திரும்பினார். "ஏம்மா, நீ டைப்பிஸ்ட்தானே?"

"ஆமாங்க. அதனாலதானுங்க தெரியும். உங்க மாடிய அந்த டீச்சரம்மாவுக்கு ஏனுங்க குடுக்கல? அவங்க எந்த சலுகையும் கேக்கலீங்களே, வாடகைக்குத்தான கேட்டாங்க."

"உக்காரும்மா" என்று நாலு பேர் கத்தினார்கள். அவள் உட்காரவில்லை. பிரதிகளை நாற்காலி மேல் வைத்துவிட்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இன்ஸ்டிடியூட் முதலாளி நஞ்சுண்டசாமி மறுநாள் காலையிலேயே காத்திருந்தார். "கஸ்டமர் நம்பிக் குடுத்த காகிதத்தை சபையில சொல்லலாமா? போய் ஒரு சாரி சொல்லிட்டு வந்துடு."

காகித விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் உண்டு என்பதை அவள் ஒப்புக்கொண்டாள். "அதுக்கு உங்ககிட்ட சாரி கேட்டுக்கறேன். அவங்ககிட்ட கேக்க மாட்டேன்" என்றாள். அன்றோடு வேலை போயிற்று. நாலு மாதம் வீட்டில் இருந்தாள். "உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு?" என்று சிவகுமார் தினமும் கேட்டான். ஜூன் மாதம் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தினமும் காலை ரயில்.

அங்கே சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கௌரம்மா வீடு தேடி வந்தார். சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர், மகன் ஒஹாயோவில். காபி பாதி குடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"என் பையனுக்கும் அங்க முதல் வருஷம் வீடு குடுக்கலைம்மா. போன்ல காலி இருக்குன்னாங்களாம், நேர்ல போனா ஆயிடுச்சுன்னாங்களாம். கடைசியில ஒரு கறுப்புப் பையன்தான் தன் ரூம்ல சேத்துக்கிட்டான். ரெண்டு வருஷம் அவன்கூடத்தான் இருந்தான்."

"இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"அய்யோ, அங்க போய்ச் சொல்றதா? மானம் போயிடாதா?"

"அந்தப் பையன் பேரு என்னங்க?"

கௌரம்மா யோசித்தார். கேட்டுக்கொள்ளவில்லை என்றார். ஜோதிமணி வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

அந்த ஆண்டு சங்கத்தின் துணைத்தலைவராகக் கௌரம்மாவைப் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.