நாலைத் தாண்டாத முள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும் நான் மாட்டிய சென்சாரை யாராவது தப்பு என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு மட்டும் வரவில்லை. வந்திருக்க வேண்டிய ஒரே நாள் அதுதான்.

குயிலாப்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. ஆலைகளுக்குப் போய், வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கிற சென்சார்களைப் பொருத்தி, அவற்றின் வயர்களை உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டியில் சேர்த்து, பெட்டியைக் கணினியில் செருகிவிட்டு வருவேன். சென்சார் அனுப்புகிற மின்சாரத்தைப் பெட்டி எண்ணாக மாற்றும், கணினி அதைக் கோடாக வரையும். அவ்வளவுதான் தொழில். சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும் ராக்கெட் விடுவது போலச் சொல்லிக்கொள்வேன்.

ஐப்பசி மழையில் மரக்காணத்துக்குப் போக வேண்டி வந்தது. உப்புப் பாத்திகள் எல்லாம் தண்ணீரில் முழுகிக் கிடந்தன. ஆனால் கோடையில் வாரிக் குவித்த உப்பைக் கழுவி, காயவைத்து, பாக்கெட் போடுகிற ஆலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காயவைக்க நீராவி வேண்டும். அதற்கு ஒரு சின்ன பாய்லர், அதற்குள் எரிக்கச் சவுக்குக் கட்டை. பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பாய். வளைகுடாவில் பல வருஷம் இதே வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர்.

அந்தப் பக்கத்தில் இரும்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் கிரீஸைத் தடவி சைக்கிள் டியூப்பைச் சுற்றிவிடுவார்கள். பூட்டு, கேட்டின் கீல், பம்பு, எதுவும் தப்பாது. உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும், ஆணி இருந்த இடத்தில் கறைதான் இருக்கும். பாய் இதில் ஊரையே மிஞ்சியவர். வாராவாரம் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் முன் பாய்லருக்கு முழு கவனிப்பு. பிரஷர் மீட்டரின் பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

“புள்ள மாதிரி வெச்சிருக்கேன் மேடம். எவ்ளோ கட்ட போட்டாலும் முள்ளு நாலத் தாண்டாது. தங்கமான பாய்லரு” என்றார்.

நானும் தலையாட்டினேன். கட்டை போடப்போட அழுத்தம் ஏறத்தானே வேண்டும் என்று எனக்கு உறைக்கவில்லை.

காலையில் பாய்லர் சூடேறும் முன்பே சென்சார்களை மாட்டிவிட்டேன். வெப்பத்துக்கு ஒன்று, நீராவிக் குழாயில். அழுத்தத்துக்கு ஒன்று, பாய்லரின் மேலே சும்மா இருந்த ஒரு குழாய் வாயில். வயரை இழுத்துப் பெட்டியில் சேர்த்ததும் திரையில் எண்கள் பேய் பிடித்த மாதிரி ஆடின. உப்பு ஊறிய தரையில் மின்சாரம் கண்டபடி அலையும். வயரைச் சுற்றியிருந்த உலோக உறை இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருந்ததைக் கண்டுபிடித்து, ஒரு முனையைக் கழற்றிவிட்டேன். எண்கள் அடங்கின. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பத்தரை மணிக்கெல்லாம் பாய்லர் முழு வேகத்தில் இருந்தது. திரையில் வெப்பம் நூற்று எழுபத்தொன்பது டிகிரி. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்பது கிலோ. நிமிர்ந்து பார்த்தால் பாயின் மீட்டரில் முள் நாலில் நிற்கிறது.

ஆலை முதலாளி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர்.

“மீட்டரு நாலுன்னுது, உங்க கம்ப்யூட்டரு ஒம்பதுன்னுது. ரெண்டும் ஒண்ணாக் காட்டுச்சுன்னாத்தான மேடம் நாங்க நம்ப முடியும்?”

“பாக்கறேன் சார். இங்க எர்த் பிரச்சினை இருக்குது” என்றேன்.

அந்த ஊரில் எதற்கும் உப்பின் மேல் பழியைப் போட்டுவிடலாம். வயர்களை மறுபடி பார்த்தேன், குறை எதுவும் இல்லை. அப்படியானால் சென்சாரின் மேல் ஒட்டிய லேபிள்தான் தப்பு என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். ‘பதினாறு கிலோ வரை’ என்று அதில் இருந்தது. ஏழு கிலோ சென்சாருக்கு யாரோ லேபிளை மாற்றி ஒட்டியிருப்பார்கள். சென்சார் எத்தனை கிலோ வரை அளக்கும் என்பதை வைத்துத்தான் கணினி கணக்குப் போடும்; அங்கே பதினாறு என்றிருந்த இடத்தில் ஏழு என்று அடித்தேன். திரையில் ஒன்பது மறைந்து நாலு வந்தது. மீட்டருக்கும் திரைக்கும் இம்மி பிசகவில்லை. அந்த மீட்டர் அவ்வளவு சுத்தமாக இருந்தது, அதைச் சந்தேகப்பட எனக்கு மனமே வரவில்லை.

பாய் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இப்ப சரியாயிடுச்சு. உப்பு இன்னிக்கி ரொம்ப ஈரமா இருக்குது மேடம், இன்னும் ரெண்டு கட்ட போடட்டுமா?”

“போடுங்க பாய்” என்றேன்.

டீ வந்தது. குடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தக் கோடு நாலை ஒட்டி ஓடியது. வெப்பக் கோடு மட்டும் மெல்ல ஏறி நூற்று எண்பத்தொன்றைத் தொட்டது. அதை ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வேறு மீட்டர் இல்லை. அதனால்தான் நான் அதில் கை வைக்கவில்லை. கல்லூரியில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன ஒரு விஷயம் அப்போது எங்கிருந்தோ வந்தது. தண்ணீரோடு சேர்ந்து கொதிக்கிற நீராவிக்கு ஒவ்வொரு அழுத்தத்திலும் ஒரே ஒரு வெப்பம்தான் உண்டு. போனில் அட்டவணையைத் தேடினேன். நாலு கிலோவுக்கு நூற்று ஐம்பத்தொன்று. முதலில் பார்த்த நூற்று எழுபத்தொன்பதுக்கு நேரே விரலை வைத்துக் குறுக்கே போனேன். ஒன்பது.

வெப்பத்துக்கு ஒரு சென்சார், அழுத்தத்துக்கு ஒரு சென்சார், வயரும் தனித்தனி. இரண்டும் காலையிலிருந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. பாய்லரின் தகட்டில் ஏழு கிலோவுக்கு மேல் கூடாது என்று பொறித்திருந்ததைக் காலையில் நானே படித்தேன். ஏழானால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விட வேண்டிய வால்வு மேலே உட்கார்ந்திருந்தது, கிரீஸ் பூசி, கைப்பிடியோடு சேர்த்து டியூப்பால் இறுக்கிச் சுற்றப்பட்டு.

ஏழை அழித்துப் பதினாறு என்று அடித்தேன். ஒன்பதரை.

பாய்லருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு செங்கல் சுவர். அதற்கப்பால் பாக்கெட் போடும் பெண்கள், பத்துப் பன்னிரண்டு பேர். மழைக் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அந்தச் சுவரில்தான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வேலை செய்வார்கள்.

“பாய், கட்ட போடாதீங்க. பிரஷரு ஒம்பதரை இருக்குது.”

“இல்லியே மேடம், நாலுதான காட்டுது.”

“மீட்டர் பொய் பாய்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டார். தண்ணீர் மட்டக் கண்ணாடியைப் பார்த்தார், பாதிக்கு மேல் இருந்தது. அடுப்புக்குப் போகும் காற்றை அடைத்தார், நீராவியை உப்பு காய்கிற பக்கம் முழுசாகத் திறந்துவிட்டார். நான் அடுத்த பக்கம் ஓடினேன்.

“அக்கா, எல்லாரும் எழுந்து வெளிய வாங்க. சீக்கிரம்.”

“இன்னாம்மா, மழ கொட்டுது, எங்க போறது?” என்று ஒருத்தி சிரித்தாள். பக்கத்திலிருந்தவள் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், சோறு கொட்டிவிட்டது. திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு அப்பால் போய் நின்றார்கள். முதலாளியையும் அங்கேயே நிறுத்தினேன். உள்ளே நானும் பாயும் மட்டும். ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. பயத்தில் எனக்கு அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது. எட்டரை. எட்டு. திரையில் எண் இறங்க இறங்க நான் சத்தமாகப் படித்தேன். பாய் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் அசையவில்லை. ஏழு என்றேன், ஆறு என்றேன், ஐந்து என்றேன். அது நாலிலேயே நின்றது. நான் நாலு என்று சொல்லி, அதற்கும் கீழே போன பிறகுதான் முள் லேசாகக் கீழே நகர்ந்தது.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “யா அல்லா” என்றார்.

சாயங்காலம் பாய்லர் ஆறியதும் அவரே மீட்டரின் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே பல்சக்கரத்தில் கிரீஸ், உப்புத் தூசியோடு சேர்ந்து பழைய சோப்பு மாதிரி இறுகியிருந்தது. நாலு வரை முள் தினமும் போய்வந்த பற்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. டியூப்பை அறுத்து வால்வைப் பிரித்தபோது அதன் ஸ்பிரிங்கும் அப்படியே கெட்டிப்பட்டிருந்தது. உப்புக்குப் பயந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீட்டருக்குள்ளேயும் வால்விலும் அவர் கையாலேயே வைத்த கிரீஸ்.

“நான்தான் வெச்சேன்” என்றார் முதலாளியிடம். முதலாளி அவரைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க மட்டும் இன்னிக்கி வரலன்னா” என்றார். சோறு கொட்டிப்போன அந்த அக்கா வந்து என் கன்னத்தைத் தொட்டாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். நான் பதினாறை ஏழாக்கியதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கை கன்னத்தில் பட்டதும் என்னால் தாங்க முடியவில்லை.

“கம்ப்யூட்டர் மொதல்லயே சரியாத்தான் காட்டுச்சு. மீட்டரோட ஒத்துப்போவட்டும்னு நான்தான் மாத்திட்டேன்” என்றேன்.

முதலாளிக்குப் புரியவில்லை. பாய்க்குப் புரிந்தது. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நான் கட்ட போடட்டுமான்னு கேட்டப்பவா?”

“ஆமா பாய்.”

துணியைக் கீழே வைத்தார்.

“நான் தெரியாம பண்ணிட்டேன் மேடம். நீங்க ஒம்பதப் பாத்துட்டுப் பண்ணீங்க” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.