அழும் கரடியை வரைய மாட்டேன்

பெங்களூருக்கு வந்து நான்கு வருடமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'சார்' என்றால் சிரிக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் வளர்ந்த என் நாக்குக்கு, என் மேலதிகாரியை வெறும் 'சுஹாஸ்' என்று கூப்பிட வரவில்லை. பெரியவர்கள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி கூச்சம். "எக்ஸ்கியூஸ் மீ" என்றே காலத்தை ஓட்டினேன்.

எங்கள் கம்பெனி பள்ளிப் பிள்ளைகளுக்கான படிப்பு ஆப் ஒன்றை நடத்துகிறது. சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்ததை ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பிடிக்கிற மாதிரி மாற்றுகிறோம். போனில் தெரியும் திரைகளை வரைவது என் வேலை. சுஹாஸ் அதில் ஒரு கரடியைக் கொண்டுவந்தார். தினமும் படித்தால் கரடி ஆடும். ஒரு நாள் விட்டால் போனில் மணியடித்து, "நேற்று ஏன் வரவில்லை?" என்று அழும். முதல் மாதிரியை ஊரோரம் சந்தாபுராவில் ஒரு டியூஷன் சென்டரில் கொடுத்துப் பார்த்தோம். அடுத்த வாரம் போய், பத்தாவது படிக்கும் கவிதாவிடம் என் ஓட்டைக் கன்னடத்தில் கரடியைப் பற்றி விசாரித்தேன்.

"தமிழ்லயே கேளுங்கக்கா, எங்க வீட்லயும் தமிழ்தான்" என்றாள். "ஆப்பை அம்மா எடுத்துட்டாங்க. போன் அவங்களுது. ஹெப்பகோடி கார்மென்ட்ஸ்ல வேலை. மெஷின்ல இருக்கப்ப கரடி அழுதுச்சாம், சூப்பர்வைசர் கண்டபடி திட்டிட்டாரு."

"நீ எப்பம்மா படிப்ப?"

"அம்மா வந்தப்புறம் போன் கெடைச்சா படிப்பேன். சில நாள் கெடைக்காது. அதுக்கு ஒரு கரடிகிட்ட நான் எதுக்கு ஸாரி சொல்லணும்?"

எனக்குச் சுரீரென்றது. எங்கள் பள்ளியில் முந்தின நாள் வராதவர்கள் வகுப்பு வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி காரணம் சொல்ல வேண்டும். மாதவிலக்கு என்று எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்பேன். நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போன நாளும் காய்ச்சல்தான். அந்த ஊரிலேயே அதிகம் காய்ச்சல் கண்டவள் நான்தான். அந்த டீச்சராவது வாசலோடு விட்டார். இந்தக் கரடி அம்மா வேலை செய்யும் இடம் வரை துரத்துகிறது. இனி என் கையால் அதற்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வரைய மாட்டேன் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

மறுநாள் மீட்டிங்கில் அதைச் சொன்னேன். "யாக்கே?" என்று கன்னடத்தில் காரணம் கேட்ட சுஹாஸ், பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். டீனேஜ் பிள்ளைகளுக்குக் கரடி பிடிக்கும், நான்தான் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனாம். கவிதா சொன்னதைச் சொன்னேன். வேறு போன் வாங்க முடியாதா என்றார். வாங்க முடிந்தால் வாங்கியிருக்க மாட்டார்களா?

"அப்போ இந்த வேலை உனக்கு வேண்டாமா?"

என் வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் கண்முன் வந்து போயின. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"வேலை வேணும், சுஹாஸ். கரடிதான் வேண்டாம்."

அவர் பெயர் அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்தது. கடைசியில் அவர் கரடியை எடுத்துவிடச் சொன்னார். பிள்ளைகள் திரும்பி வராவிட்டால் நான் இந்த டீமில் இருக்க முடியாது என்றும் சொன்னார். ஒத்துக்கொண்டேன். இப்போது நான் வரைந்திருக்கும் திரை மணியடிக்காது, எத்தனை நாள் கழித்துத் திறந்தாலும் காரணம் கேட்காது. விட்ட கணக்கிலிருந்து தொடங்கும்.

மீட்டிங் நடந்த அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"பெரியவரைப் பேரு சொல்லியா பேசின? மரியாதை வேணாமா?"

"இல்லம்மா, சுஹாஸ் சார்னுதான் சொன்னேன்" என்றேன். பெங்களூரில் விட்ட 'சார்' ஊருக்குப் பேசும்போது தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"சரி, கரடியை நெசமாவே வரைய மாட்டேன்னுட்டியா?"

"அதை மாட்டேன்னுதான் சொன்னேன்."