கழற்றாத ஐடி கார்டு

துவாக்குடி பஸ்ஸில் தினமும் ஒரு பெண்மணி என் பக்கத்தில் உட்காருவார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத காட்டன் புடவை, அதன்மேல் கம்பெனி ஐடி கார்டு. மற்றவர்கள் கம்பெனி வாசலுக்கு வந்துதான் கார்டைப் பையிலிருந்து எடுப்பார்கள். இவர் மட்டும் ஸ்ரீரங்கத்தில் வீட்டுப் படி இறங்கும்போதே மாட்டிக்கொண்டு, தெரு முழுக்க நடந்து வருவார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

“எங்க மாமியார் தெருவுல கேக்கறவங்ககிட்ட எல்லாம், மருமக காலையில கோயிலுக்குப் போறான்னு சொல்லி வச்சிருக்காங்க. மருமக வேலைக்குப் போறது கௌரவக் குறைச்சலாம். அமெரிக்காவுல அவங்க பொண்ணும் ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு வேலைக்குத்தான் போகுது. அது ஆபீஸ்ல கார்டு மாட்டிக்கிட்டு எடுத்த போட்டோ மட்டும் எங்க ஹால்ல பெருசா தொங்குது!”

நவராத்திரியில் ஒரு காலை அவர் கார்டு இல்லாமல் ஏறினார். “மறந்துட்டீங்களா?” என்றேன்.

“மறப்பேனா? சாயந்தரம் தெருவே எங்க வீட்டுக்குக் கொலு பார்க்க வரும். கார்டை நாத்தனார் போட்டோ மேலயே மாட்டிட்டு வந்திருக்கேன். மாமியாருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வர்றவங்களுக்குத் தெரியும்.”

“கம்பெனியில உள்ள விடுவாங்களா?”

“கேட்ல கொஞ்ச நேரம் நிக்க வைப்பாங்க. நின்னுக்கறேன். அவங்க இத்தனை வருஷமா என்னைக் கோயில் வாசல்லயே நிக்க வச்சிருக்காங்களே!”

துவாக்குடியில் இறங்கும்போது அவர் சிரித்த சிரிப்பை நினைத்தால், அந்த மாமியாருக்காக எனக்கு இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. பாவம் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.