நரிக்குக் கட்டிய கூண்டு

சிங்கப்பூரில் நரி கிடையாது. இதை அப்பாவிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நரி இல்லாத ஊரு எங்க இருக்கு?" என்பார். "உன் கண்ணுல படலன்னா இல்லன்னு ஆயிருமா?"

அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். தமிழ்நாட்டிலிருந்து மீசை முளைத்த வயதில் வந்தார். அங்கே அவர் பையனாக இருந்தபோது நரி வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வந்து, வீட்டுக் கோழிகளை ஒன்றுவிடாமல் கொன்று போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு காலமெல்லாம் இங்கேயே இருந்தும், கூண்டு, வேலி என்று பேச்செடுத்தால் அவருக்கு நரிதான் ஞாபகத்துக்கு வரும். பெட்டியோடு நரியையும் கட்டிக்கொண்டு கப்பலேறின மனுஷன் என்று அம்மா கிண்டல் பண்ணுவாள்.

ஆங் மோ கியோ என்றால் எல்லாரும் அடுக்குமாடிகளைத்தான் நினைப்பார்கள். கால்வாயை ஒட்டி வரிசையாகக் கொஞ்சம் பழைய தரைவீடுகளும் உண்டு. அதில் ஒன்று எங்களுடையது. விலை மலிவாக இருந்த காலத்தில் அப்பா ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பாய் விரித்தாற்போல் தோட்டம்; முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, துணி காயப்போடும் கம்பி. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய். நான் கல்யாணமாகி பாசிர் ரிஸ்ஸுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு பேரையும் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவது என் வேலை.

முயல்கள் வந்தது அம்மாவுக்குச் சிறுநீரகம் போன பிறகு. எங்கள் கோயில் பங்கில் இருந்த ஒரு குடும்பம் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பியது. அவர்கள் வளர்த்த இரண்டு முயல்களை என்ன செய்வதென்று தெரியாமல், பூசை முடிந்து வந்த அம்மாவிடம் கேட்டார்கள். அவளுக்கே அப்போது டயாலிசிஸ் போய் வந்தால் ஒரு நாள் முழுக்கப் படுக்கைதான். இருந்தும் தலையாட்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

"உன்னையே ஒரு ஆள் பார்க்கணும். இதுல இதுங்கள யாரு பார்க்கறது?"

"உங்கப்பா இருக்காருல்ல. ரிட்டையர் ஆகி சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டுத்தானே உக்காந்திருக்காரு."

ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். அம்மா அதற்கு மேல் பெயரெல்லாம் யோசிக்கவில்லை. வெள்ளை, சாம்பல் என்றே கூப்பிட்டாள்.

அப்பா உடனே வேலையில் இறங்கிவிட்டார். ஜாலான் புசார் இரும்புக்கடைகளில் ஏறி இறங்கி, கம்பியும் வலையும் தகடும் வாங்கி வந்தார். அவர் கட்டின கூண்டைப் பார்த்தால் புலியை அடைக்கலாம். நரி பறித்துக்கொண்டு வரக்கூடாதென்று அடியில் இரும்புத் தகடு. நரி கடிக்கக்கூடாதென்று தடிக் கம்பி, அதன்மேல் சின்னக் கண் வலை. நரி மூக்கால் தூக்கிவிடும் என்று கதவுக்கு இரண்டு பூட்டு. "நரி கைல சாவி வெச்சிருந்தா என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் சிரிக்க மாட்டார்.

கூண்டு முடிந்ததும் ஒரு சிக்கல் வந்தது. அம்மாவால் குனிய முடியாது. சக்கர நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், வலைக்கு வெளியே இருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், "ஜெயில்ல இருக்கறவனைப் பார்க்கப் போன மாதிரி இருக்குங்க" என்றாள்.

அன்றைக்கே அப்பா வலையில் ஓர் ஓட்டை வெட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி அம்மா கையை நீட்டினால் நேராக இருக்கும் உயரத்தில், வளையலோடு அவள் கை நுழையும் அளவுக்கு, வட்டமாக. வெட்டின கம்பி முனை அவள் மணிக்கட்டில் படக்கூடாதென்று, பச்சைத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து விளிம்பு முழுக்கச் சுற்றினார். நரி இவ்வளவு உயரத்துக்கு வராது, வந்தாலும் தலை நுழையாது என்று கணக்குப் போட்டுத்தான் வெட்டினார்.

அம்மாவுக்கு டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது மணிக்கட்டில் ரத்தக்குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது விர்ரென்று தெரியும். கடைசிவரை எனக்கு அதைத் தொடப் பயம். முயல்களுக்கு அது பிடித்துப்போனது. அம்மா கையை விட்டதும் இரண்டும் ஓடிவந்து, அந்த மணிக்கட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அதிலும் சாம்பல் கண்ணைக்கூட மூடிவிடும்.

"அந்தக் கையை பத்திரமா வெச்சுக்கணும்னு நர்ஸ் சொன்னாங்கல்ல? கீறி வெச்சா என்னம்மா பண்ணுவ?"

"அதுங்க கீறாதுடி. சும்மா காது குடுத்துக் கேக்குதுங்க. நீதான் நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்கற."

சாயங்காலமானால் இதுதான் நடக்கும். அம்மா நாற்காலியில், கை கூண்டுக்குள். அப்பா பக்கத்தில் ஒரு ஸ்டூலில், மடியில் முள்ளங்கி இலை. தேக்கா சந்தையில் காய் விற்கிறவர்கள் கிள்ளிப்போடும் இலைகளை நான் பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பேன். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். என் அம்மா அவள் நோய்க்காலத்தில் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

பிறகு அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில், தூக்கத்தில். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கலைந்த பிறகு, நான் அப்பாவை என்னோடு பாசிர் ரிஸ்ஸுக்கு வரச் சொன்னேன். "முயலுக்கு யாரு இலை போடுவா?" என்று கேட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது. சாயங்காலமானால் ஸ்டூலை எடுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். சக்கர நாற்காலி இருந்த இடத்தைக் காலியாக விட்டு, பழையபடி பக்கத்தில்தான் உட்காருவார்.

சில மாதம் போயிருக்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் பூனை காணாமல் போனது. அப்புறம் கால்வாயில் மலைப்பாம்பு ஒன்றைப் பார்த்ததாக அவரே வந்து அப்பாவிடம் சொன்னார். அதைக் கேட்டதும் நான் அப்பாவை விடவில்லை.

"அப்பா, அந்த ஓட்டையை மூடிருங்க. பாம்பு வந்தா ஒரே நிமிஷம்."

"பார்க்கலாம்."

"என்ன பார்க்கறது? வலை ஒரு துண்டு, வெல்டிங் ஒரு இழுப்பு. நீங்க பார்க்காத வேலையா?"

"செய்யறேன்மா."

வலைத்துண்டு வாங்கி வந்தார். அது சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்; மிஷின் வயர் சரியில்லை என்றார். அதற்கடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் கண் கூசுகிறதாம். கப்பலையே ஒட்டின மனுஷன் என்னிடம் கண் கூசுகிறது என்றார். முயல்களை வீட்டுக்குள்ளாவது கொண்டுவரச் சொன்னேன். ஒரு ராத்திரி கொண்டுவந்து பார்த்தார். இரண்டும் இலையைத் தொடாமல் சோபாவுக்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடந்தனவாம். விடிந்ததும் திரும்பக் கூண்டில் விட்டுவிட்டார்.

கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னைக்கு நீங்க மூடலன்னா நானே ஆள் கூட்டிட்டு வந்து மூடிருவேன் லா" என்று கத்தினேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது அவ கைக்கு வெச்சதும்மா" என்றார்.

"அம்மா இல்லப்பா."

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று யாராவது சொல்லலாம். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பழைய தோசைக்கல் இருந்தது. அதன் காதில் கம்பி கோத்து, ஓட்டைக்கு முன்னால் தொங்கவிட்டார். "ராத்திரிக்கு இது. காலைல எடுத்துருவேன்." வெல்டர் வீட்டுக் கூண்டுக்குத் தோசைக்கல் கதவு! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்கு மேல் சண்டை போட வாய் வரவில்லை.

அந்தக் கல் இரண்டு மாதம் போலத் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கோயிலுக்குக் கூட்டிப்போக வந்தேன். முன்கதவு திறந்தே கிடந்தது. கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் போனேன். தோட்டத்தில் அப்பா வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. தோசைக்கல் ஒரு பக்கமாக ஒதுங்கித் தொங்கியது.

"என்னப்பா?"

"நீ சொன்னது சரிதாம்மா," என்றார். "நரி இல்ல."

கூண்டுக்குள் பாம்பு சுருண்டு கிடந்தது. ஓட்டை வழியாக மெலிந்த உடம்போடு உள்ளே போயிருக்கிறது. தின்ற பிறகு அதே வழியில் வெளியே வர முடியவில்லை. நடு உடம்பில் ஒரு புடைப்பு. வெள்ளையைக் காணோம். நரிக்காகப் போட்ட தகடும் கம்பியும் இரண்டு பூட்டும் அப்படியே இருந்தன.

சாம்பல், முயல்கள் படுக்க அப்பா கூண்டுக்குள் மேலே பொருத்தியிருந்த மரப்பெட்டிக்குள் மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு மட்டும் வேகமாக அடித்தது. அப்பா பாம்பை அடிக்கத்தான் கம்பி எடுத்திருக்கிறார். கதவைத் திறந்து அடித்தால் சாம்பலுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் கம்பியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டேன். "என்னன்னு சொல்றது?" என்றார்.

நான்தான் விலங்கு மீட்புக்காரர்களுக்கு போன் பண்ணினேன். ஒரு மலாய்ப் பெண் வந்தாள், என் மகள் வயதிருக்கும். சாவியை வாங்கிப் பூட்டுகளைத் திறந்து, கொக்கியால் பாம்பின் தலையை அமுக்கிப் பிடித்து, பதறாமல் சாக்குக்குள் இறக்கினாள். அப்பா என் முழங்கையைத் தொட்டார்.

"வெள்ளையை எடுத்துத் தர முடியுமான்னு கேளு. புதைக்கணும்."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். முடியாது அங்கிள், சாரி, என்றாள். அப்பா சரி என்று தலையாட்டினார். சாக்கை அவள் வேனில் ஏற்றியபோது அதற்குப் பின்னாலேயே வாசல் வரை போய் நின்றார். இதற்கு முன் வெள்ளைச் சட்டையோடு அப்படி அவர் நின்றது அம்மாவின் சவப்பெட்டி வண்டியில் ஏறிய அன்றைக்குத்தான். எனக்கு அந்தப் பாம்பின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அதை எங்கோ காட்டில் பத்திரமாக விடுவார்களாம். அது வயிற்றில் எங்கள் வெள்ளை கரைந்துகொண்டிருக்கும்.

அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. அப்பா சாப்பிடவும் இல்லை. கூண்டைக் கழுவி, வைக்கோல் மாற்றி, சாம்பலுக்குப் புது இலை வைத்தார். அது தொடவில்லை. சாயங்காலம்தான் பெட்டியை விட்டு இறங்கி ஓர் இலையைக் கடித்தது. அதைப் பார்த்த பிறகு அப்பா உள்ளே போய் வெல்டிங் மிஷினையும் முகமூடியையும் எடுத்து வந்தார். சுவரில் சாய்ந்து கிடந்த வலைத்துண்டைத் துடைத்தார். தோசைக்கல்லைக் கழற்றிக் கீழே வைத்தார். பிளந்த பச்சைக் குழாயை விளிம்பிலிருந்து மெதுவாக உருவினார். உருவிவிட்டு, திரும்பவும் மாட்டினார்.

"ஒரு தடவை கையை விடும்மா," என்றார். "இடது கை. உங்கம்மா கை மாதிரியேதான் இருக்கும் உனக்கு."

நாற்காலி இல்லாததால் ஸ்டூலில் உட்கார்ந்து கையை விட்டேன். சாம்பல் நகரவில்லை. கை மரத்துப்போகும் வரை அப்படியே வைத்திருந்தேன். பிறகு அது ஒரு எட்டு வைத்தது. நின்றது. இன்னொரு எட்டு. விரலை மோந்து பார்த்து, உள்ளங்கையைத் தாண்டி வந்து, என் மணிக்கட்டில் கன்னத்தை வைத்தது. அது காதைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. கன்னத்தை எடுத்து இடம் மாற்றி மறுபடி வைத்துப் பார்த்தது. அப்புறம் திரும்பிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது.

என் கையில் அந்த விர் இல்லை.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுக்கிச்சு," என்றார். "சரி, எழுந்திரு."

சாம்பலைத் துணிக்கூடையில் வைத்து வீட்டுக்குள் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது அவர் முகமூடி போட்டு வேலையைத் தொடங்கியிருந்தார். ஒரு இழுப்பு வேலை என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதை அவர் சுற்றிச் சுற்றி, ஒட்டின இடத்திலேயே மறுபடி ஒட்டி, இருட்டும் வரை செய்தார். மிஷினை அணைத்த பிறகும் முகமூடியைக் கழற்றவில்லை. கூண்டுக்கு முன்னால் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கழற்றச் சொல்லவில்லை.